தொட்டிக்குக் கீழே மஞ்சள் வீடு

எங்கள் கடற்கரைத் தெருவில் யார் வீட்டுக்கு வர்ணம் அடித்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இல்லாவிட்டால் நாங்களே ஒன்றைத் தயார் செய்து கொடுத்துவிடுவோம். தெரு என்று ஒன்று பிறகு எதற்காக இருக்கிறது?

டெய்லரம்மாவும் அவள் புருஷனும் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அவளுடைய அண்ணன் ஏணியும் பெயின்டருமாக வந்து, அவள் வீட்டு முன்சுவரின் மஞ்சள் மேல் வெள்ளை அடிக்க ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள் தெருவில் மூன்று காரணங்கள் உலாவின. வீட்டை விற்கப் போகிறார். கறையான் வந்துவிட்டது, மறைக்கிறார். மூன்றாவது, தங்கை மேல் திடீர்ப் பாசம். இதைச் சொன்னவரை மட்டும் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வீடு அண்ணனுடையதுதான். கல்யாணமான நாளிலிருந்து தங்கை அதில் குடியிருக்கிறாள். முன்னறையில் தையல் மெஷின், ஜன்னலோரம் கண்ணாடி, தெருப் பெண்கள் அத்தனை பேருடைய இடுப்பளவும் அவள் மனசில். அந்த ஒரு விஷயத்துக்காகவே அவளிடம் நாங்கள் மரியாதையாக இருப்போம்.

அண்ணனுக்குத் தெருவில் பெயர் ரெட்டை எஞ்சின். இழுவை வலை போடும் பெரிய படகுகள் இரண்டு வைத்திருக்கிறார் என்பது ஒரு காரணம். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வார் என்பது இன்னொன்று.

"என்ன பெயின்டரே, விக்கிறாரா?" என்று ஏணிக்கடியில் நின்று கேட்டேன். கேட்காமல் போனால் தூக்கம் வருமா?

"எனக்கென்ன தெரியும்? மஞ்சள் மேல வெள்ளை நிக்காது, மூணு கோட் ஆகும்னு சொன்னேன். 'முப்பது கோட்னாலும் அடி, முப்பது கோட்னாலும் அடி'ங்கிறார்."

வெள்ளை முடிந்ததும் பெயின்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனார். அங்கே ரெட்டை எஞ்சினுடைய ஒரு பழைய வீடு வலைக் கிடங்காக இருக்கிறது. பிறந்ததிலிருந்து சிமெண்ட் நிறத்தைத் தவிர வேறு எதையும் கண்டிராத கட்டடம். அதற்குப் பளபளவென்று மஞ்சள் அடித்தார். ஒரு சுவரில் இருந்த மஞ்சளை உரித்து இன்னொரு சுவருக்குப் போடுகிறார் பாருங்கள், என்ன ஒரு கருமித்தனம் என்று நாங்கள் சிரித்தோம். வேறெதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. தெருவில் நின்று வீட்டைப் பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். கடலில் நின்று பார்ப்பவர்களுக்கு வீடு வேறு மாதிரி தெரியும்.

மறுநாள் காலையில் டெய்லரம்மாவின் புருஷன் அப்படித்தான் பார்த்தார். ஊரிலிருந்து திரும்பிய கையோடு படகை எடுத்துக்கொண்டு நண்டுக் கூண்டு போடப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். நண்டுக்காரர் சாதாரணமாகச் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வீட்டில் பேச வாய்ப்பிருந்தால்தானே வெளியில் பழக்கம் வரும்? அன்றைக்குப் படகை விட்டு இறங்கும்போதே கத்தினார்.

"புல்லுக்குள்ள இழுக்கிறான்! ரெண்டு படகும் புல்லுக்குள்ள இழுக்குது!"

அப்போதுதான் எங்கள் தலையில் வெளிச்சம் விழுந்தது.

வளைகுடாவின் வடக்குப் பக்கத்தில் கடலடியில் புல் வளர்கிறது. மாடு மேயும் புல் மாதிரி இல்லை; நாடா நாடாவாக, பச்சையாக, தண்ணீரோடு சாய்ந்து சாய்ந்து எழும். மீன் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கிற இடம் அதுதான். இழுவை வலையின் அடிச் சங்கிலி ஒருமுறை உரசிப் போனால் போதும், தரை மொட்டை. சில வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் மொட்டையாகி, நண்டு சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் தெருவில் படகு வைத்திருக்கிறவர்கள் கூடிக் கமிட்டி போட்டு, அந்தப் பக்கத்தைப் பூட்டினார்கள். மீன்வளத் துறையும் கையெழுத்துப் போட்டது.

கடலைப் பூட்ட வேலியா கட்ட முடியும்? கோடு எங்கே என்று யாரும் எந்தப் படகிலிருந்தும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவுக்குப் பின்னால் மேட்டில் பெரிய தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. தெருவில் ஒரே ஒரு மஞ்சள் வீடு, டெய்லரம்மாவுடையது. கடலிலிருந்து பார்க்கும்போது தொட்டிக்கு நேர் கீழே மஞ்சள் வீடு தெரிந்தால் நீங்கள் கோட்டின் மேல் இருக்கிறீர்கள். அதற்கு வடக்கே வலையோ கூண்டோ போடக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். தொட்டி, மஞ்சள் வீடு, வடக்கு.

கிடங்கு வடக்கே இருக்கிறது. தொட்டிக்குக் கீழே டெய்லரம்மா வீட்டுக்குப் பதிலாகக் கிடங்கைப் பிடித்தால் கோடு அப்படியே வடக்கே சாயும். கரையில் நாலைந்து வீடு தள்ளினால் போதும், கடலுக்குள் போகப் போக அது அகன்று, புல்வெளியில் முக்கால்வாசி வெளியே வந்துவிடும். எங்கள் ரெட்டை எஞ்சின் ஒரு டப்பா பெயின்டில் கடலைத் திறந்துவிட்டார். மனுஷனுக்கு மூளை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டோம்.

டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கூடக் கீழே வைக்காமல் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நாங்களும் ஏதோ அந்தப் பக்கம் வேலை இருப்பது போல நடந்தோம்.

"அண்ணே, என் சுவர்ல யாரைக் கேட்டு கை வச்சே?"

"என் சுவர், என் சுவர். உன் பேர்லயா இருக்கு வீடு?"

"கோடு உன் பேர்லயா இருக்கு?"

"கோட்டை நான் தொடலையே, தொடலையே. சட்டத்துல என்ன எழுதியிருக்கு? மஞ்சள் வீடு. இதோ மஞ்சள் வீடு இருக்கு. யார் வீடுன்னு எழுதலை. நாலு வருஷமா பூட்டி வச்சாச்சு தங்கச்சி, உள்ள மீன் கொழுத்துக் கிடக்கு. என் படகுல இருக்கிறவனுங்க வீட்டுல புள்ளைங்க இல்லையா? வெளியில ஒண்ணும் கிடைக்கலைன்னு தினம் என் முகத்தைப் பார்க்கிறானுங்க. நான் என்ன சொல்ல?"

கடைசியில் சொன்னதை ஒருமுறைதான் சொன்னார். அதனால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

"பூட்டின முதல் வருஷம் என் வீட்டுல யார் சம்பாதிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் டெய்லரம்மா. "இவரோட கூண்டுக்கெல்லாம் அதே இடம்தான். கட்டிப் போட்டுட்டு வீட்டுல உக்காந்திருந்தார். நான் மிதிச்சேன் மெஷினை. கால் வீங்க வீங்க மிதிச்சேன். அந்தப் புல்லு என் தையல் மெஷின்ல வளர்ந்த புல்லுண்ணே. இப்பத்தான் நண்டு கோட்டைத் தாண்டி வெளிய வருது. இவர் கூண்டுல விழுது, எல்லார் கூண்டுலயும் விழுது. நீ ஒரே வாரத்துல சுரண்டிட்டுப் போயிடுவே."

"சுவத்துல திரும்ப மஞ்சள் பட்டுச்சுன்னா, வீட்டைக் காலி பண்ணு. அவ்வளவுதான், அவ்வளவுதான்."

அவள் சுவரில் மஞ்சள் அடிக்கவில்லை. அண்ணன் சொன்னால் செய்கிற ஆள் என்று தெரியும். ஆனால் அன்றைக்குச் சாயந்தரம் அவளிடம் இருந்த மஞ்சள் லைனிங் துணி அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து, கூரையிலிருந்து தரை வரைக்கும் வீட்டுக்கு ஒரு பாவாடை மாதிரி தொங்கியது. ஓரம் கூட மடித்துத் தைத்திருந்தாள். கோபத்திலும் ஓரம் மடிக்காமல் விடமாட்டாள் போலிருக்கிறது. ரெட்டை எஞ்சின் வந்து இழுத்துக் கிழித்தார். அவள் மறுபடி தைத்தாள். மறுபடி கிழித்தார். பார்க்க எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடலில் வலை இழுபட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு கமிட்டி கூடியது, ஐஸ் உடைக்கிற கொட்டகையில். மீன்வளத் துறையிலிருந்து மேடம் வந்திருந்தார். சின்ன வயசு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், அதனாலேயே எங்களுக்கு அவர் மேல் கொஞ்சம் சந்தேகம். டெய்லரம்மாதான் கமிட்டிச் செயலாளர். அவளிடம் படகு இல்லை, ஆகவே எந்தப் படகுக்கும் சாய மாட்டாள் என்று எல்லோரும் சேர்ந்து போட்ட ஆள். தன் வீட்டையும் தன் அண்ணனையும் பற்றி ஒரு கூட்டத்தை அவளே நடத்த வேண்டும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

"துணியைத் தொங்கவிட்டா அது வீடாகுமா மேடம்?" என்றார் ரெட்டை எஞ்சின். "ஆகுமா?"

"ஆகாதுங்க," என்றார் மேடம். "ஆனா நீங்க பண்ணினதும் சரியில்லை. எழுதினபோது எந்த வீட்டை நினைச்சாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"நினைச்சது இருக்கட்டும். எழுதினது என்ன?"

மேடம் பெருமூச்சு விட்டார். "எழுதினது மஞ்சள் வீடு. நான் கேஸ் போட்டா எழுதினதை வச்சுத்தான் போட முடியும். நீங்க எல்லாரும் சேர்ந்து வாசகத்தை மாத்திக் கொடுங்க, அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

அங்கேதான் முடிச்சு. வாசகத்தை மாற்ற வேண்டுமானால் படகு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கை தூக்க வேண்டும், ஒருவர் தூக்காவிட்டாலும் நடக்காது. கமிட்டி போட்ட நாளில் இந்த நிபந்தனையைக் கேட்டு வாங்கியவரே ரெட்டை எஞ்சின்தான். இப்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுடைய மீனைச் சந்தைக்கு ஏற்றிப் போவது அவருடைய வண்டி.

டெய்லரம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். துணியை வெட்டுமுன் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சரி," என்றாள். "எழுதினபடியே நடக்கட்டும். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? எழுதினபடி. எங்க மஞ்சள் வீடு இருக்கோ, அங்க கோடு. அதுக்கு வடக்கே யாரும் போகக் கூடாது. அண்ணே, சம்மதம்தானே?"

"சம்மதம், சம்மதம்," என்றார் அவர். இரண்டு தடவை.

அவள் எழுந்து நேராகத் தெற்கே நடந்தாள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தெற்கே அவளுக்கு என்ன வேலை? தெருவின் தெற்குக் கடைசி வீடு அவளுடைய நாத்தனாருடையது, நண்டுக்காரரின் அக்கா. முன்பக்கம் டீக்கடை, பின்பக்கம் வீடு. இரண்டு பேருக்கும் பேச்சு நின்று எத்தனையோ காலம். காரணம் ஒரு ப்ளவுஸ். அக்கா தைக்கக் கொடுத்தாள், இவள் தைத்தாள், போட்டால் மூச்சு விட முடியவில்லை என்றாள் அக்கா, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றாள் இவள். அந்த ப்ளவுஸ் விஷயமாகத் தெருவே இரண்டு கட்சியாக இருந்தது. தம்பி மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு இடத்திலும் டீ குடித்து வந்தார்.

டீக்கடையில் திடீரென்று எங்கள் எல்லோருக்கும் தாகம் எடுத்தது.

"அண்ணி," என்றாள் டெய்லரம்மா, பெஞ்சில் உட்காராமல். "உங்க சுவர் வேணும்."

நாத்தனார் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எதுக்கு? என்னை அளவு எடுக்கத்தான் தெரியலை. சுவரையாவது ஒழுங்கா எடுப்பியா?"

"மஞ்சள் அடிக்கணும்."

"அடிச்சா?"

"தொட்டிக்குக் கீழ உங்க வீட்டைப் பிடிச்சா கோடு தெற்கே போயிடும். அண்ணன் கிடங்கு மஞ்சளா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன? உங்க கோட்டுக்கு வடக்கேதான் மொத்தக் கடலும். புல்லும் உள்ள. அவர் இறால் இழுக்கிற இடமும் உள்ள. யாரும் ஒண்ணும் போட முடியாது."

நாத்தனார் டம்ளரை வைத்தாள். "யாரும்னா? என் தம்பி?"

"அவரும்தான்."

"இங்க டீ குடிக்கிறவன் எல்லாம் கடலுக்குப் போறவன். கடலைப் பூட்டினா என் கடையையும் சேர்த்துப் பூட்டறே. புரியுதா?"

"புரியுது. அதான் கேக்க வந்தேன். அடிச்சுட்டு வரலை."

"சுவர் தர்றேன். அந்த ப்ளவுஸைப் பிரிச்சுத் தைச்சுக் குடு."

எல்லோரும் டம்ளரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டோம். ஒரு வார்த்தை, 'சரி' என்று ஒரு வார்த்தை. கடல் மூடும், அண்ணன் மடங்குவார், பழைய சண்டையும் தீரும்.

"அது முடியாது," என்றாள் டெய்லரம்மா. "அளவு சரியாத்தான் இருந்தது. தைச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க பெருத்துட்டீங்க."

நான் என் டீயைக் கொட்டிக்கொண்டேன். நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அடுப்பைக் குறைத்து, "பெயின்டர் எங்கடா?" என்று எங்களைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினாள். "என் சுவருக்கு நான் என்ன கலர் வேணா அடிப்பேன். இவளுக்காக ஒண்ணும் இல்லை. இவ அண்ணன் ஒவ்வொரு டீயையும் ரெண்டு தடவை ஆத்தச் சொல்றான், அந்தக் கடுப்பு எனக்கு ரொம்ப நாளா இருக்கு."

பெயின்டருக்கு இந்த வருஷம் நல்ல வருஷம். மறுநாள் மத்தியானத்துக்குள் டீக்கடை, கடலுக்கே கண் கூசும்படி, மஞ்சளாக எழுந்து நின்றது.

ரெட்டை எஞ்சினுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மேடத்துக்கு போன் போட்டார். "துணி இல்லையே, வீடுதானே," என்றாராம் மேடம். "மஞ்சளாத்தானே இருக்கு? நீங்க சம்மதம்னு சொன்னதை நானும் கேட்டேன், ரெண்டு தடவை." துறைப் படகு வந்து அவர் படகு இரண்டையும் கரைக்கு அனுப்பியது. கூடவே எல்லாப் படகும் கரை ஏறியது.

அந்த நாட்களைப் பற்றி நான் கேலியாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. மணலில் படகுகள் வரிசையாகக் காய்ந்தன. டீக்கடையில் ஆட்கள் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள், யாரும் எதுவும் குடிக்கவில்லை. டெய்லரம்மாவின் ஜன்னலில் நின்று இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவள் மெஷினை நிறுத்தாமல், "உள்ள வந்து திட்டுங்க, வெயில்ல நிக்காதீங்க," என்றாள். நண்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து கூண்டுகளுக்குப் புதிதாகக் கயிறு கட்டினார். "எவ்வளவு நாள்?" என்று அவரிடம் கேட்டேன். "அவகிட்ட கேளுங்க. ஆனா போன தடவை ஒரு வருஷம் உக்காந்தேன். எனக்கு உக்காரத் தெரியும்," என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அண்ணனுக்குத்தான் உட்காரத் தெரியவில்லை. பெரிய படகு சும்மா நின்றால் சும்மா நிற்பதில்லை. ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்பு 'ஒண்ணும் கிடைக்கலை' என்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் இப்போது பார்க்காமல் போக ஆரம்பித்தார்கள். அது இன்னும் மோசம். டீக்கடையில் ஒருவன், அவர் படகில் வேலை பார்க்கிறவனே, எல்லோர் காதிலும் விழும்படி, "இருந்த இடத்துல இருந்த கோட்டை நோண்டினது யாரு?" என்று கேட்டுவிட்டான்.

அன்றைக்கு அவர் தங்கை வீட்டுக்கு வந்தார். நாங்கள் இருந்தோம், வேறு எங்கே இருப்போம்?

"சரி, உன் சுவருக்குப் பழையபடி மஞ்சள் அடிக்கிறேன். அந்த டீக்கடையை மாத்தச் சொல்லு."

"போதாது," என்றாள் அவள், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே. "நாளைக்கு உனக்கு மறுபடி வெள்ளை பிடிக்கும். கோடு இனிமே சுவர்ல இருக்க வேண்டாம். இந்த வீட்டு முன்னால, மணல்ல, ரெண்டு சிமெண்ட் தூண். தொட்டிக்கு நேரா ஒண்ணு பின்னாடி ஒண்ணு. கடல்லேர்ந்து ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா, அதுதான் கோடு. நீ கை தூக்கணும்."

"இல்லைன்னா?"

"டீக்கடை மஞ்சளாவே இருக்கட்டும். அண்ணிக்கு அந்தக் கலர் ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

அவர் வாசலுக்கு வந்து வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு, "தூண் வந்துட்டா உன் வீடு அடையாளம் இல்லை. தெரியும்ல? எனக்கு இந்த வீடு வேணும். நீ காலி பண்ணு," என்றார். தோற்கிறவர் கடைசியாக எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும் போல.

"பண்றேன்."

"விளையாட்டுக்குச் சொல்லலை, சொல்லலை."

"நானும்தான். கையைத் தூக்கிட்டு வா. சாமானைக் கட்டறேன்."

ஐஸ் கொட்டகையில் அவர் கையைத் தூக்கினார். மேடம் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். தூண் ஊன்றும்போது டெய்லரம்மா அளவு நாடாவோடு நின்று, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சங்கிலி உரசின இடத்தில் புல் மறுபடி தலை தூக்க இன்னும் காலமாகும் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார். சுரண்டாமல் விட்டது பாதிக்கு மேல் இருக்கிறது.

பெரும் கூட்டமாகப் படகுகள் கடலுக்குப் போன காலையில், தையல் மெஷின் ஒரு தள்ளுவண்டியில் தெற்கே போனது. நாத்தனாரின் பின்னறைக்கு. வேறெங்கே போவாள்? "வாடகையெல்லாம் வேண்டாம். ஆனா என் வீட்டுல என் பேச்சுதான்," என்று நாத்தனார் வாசலிலேயே சொல்ல, "அதைப் பார்க்கலாம்," என்று இவள் படி ஏறினாள். மெஷினுக்கு ஜன்னலோர இடத்தைக் கேட்டு அன்றைக்கே சண்டை. டீ பாய்லர் இருந்த இடம் அது. இப்போது பாய்லர் வேறு மூலையில் இருக்கிறது.

ரெட்டை எஞ்சின் அந்தக் காலி வீட்டை இன்னும் பூட்டியே வைத்திருக்கிறார். மனைவியின் துணிகளைத் தைக்கத் தெற்கே அனுப்புகிறார், தான் வருவதில்லை. டீயை வீட்டிலேயே குடிக்கிறாராம். ஒருமுறைதான் ஆற்றுகிறார்களாம்.

டீக்கடைச் சுவரில் மஞ்சள் அப்படியே இருக்கிறது. இப்போது அது எந்தக் கோடும் இல்லை, வெறும் சுவர். மாற்றி அடிக்கலாமா என்று பெயின்டர் கேட்டதற்கு இரண்டு பெண்களும் ஒரே குரலில் "தொடாதே" என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒத்துப்போகிறது. ப்ளவுஸ் விஷயத்தில் இல்லை. நேற்றுக்கூட நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டுதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள், வேண்டுமென்றே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து. ஜன்னலோரம் மெஷினில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "சரியாத்தான் இருக்கு," என்றாள்.